தகரம் தட்டுகிறவன்

எந்த ஊர், எந்தக் காலம்னு கேட்கக் கூடாது. கேட்டா கதை கோவிச்சுக்கிட்டுப் போயிடும். ஒரு ஊர் இருந்துச்சாம். ஊரைச் சுத்திக் கேவுரு விளையற கொல்லை, கொல்லையைச் சுத்திக் காடு, காட்டுக்குள்ள ஆனை. கொல்லை நடுவுல பரண் கட்டி, ஒரு காவல்காரனை ஏத்தி உட்கார வச்சு, கையில ஒரு தகர டப்பாவும் குச்சியும் கொடுத்தாங்களாம்.

ம் சொல்லுங்க அண்ணா.

இல்லை, விளையாட்டுக்குச் சொல்லலை. எங்க வீட்ல அப்படித்தான். ஒருத்தர் கதை சொன்னா கேட்கறவர் ம் கொட்டணும். ம் வரலேன்னா எங்க தாத்தா பாதியிலேயே நிறுத்திட்டு வெத்திலை மடிக்க ஆரம்பிச்சுடுவார். "ஆள் ம் கொட்டாத கதைக்கு வேற ஒண்ணு வந்து ம் கொட்டும்டா"ன்னுவார். அந்த வேற ஒண்ணு என்னன்னு கேட்டா சொல்ல மாட்டார். அதனால நீங்களே கொட்டிடுங்க. ரெண்டு பேருக்கும் நல்லது.

ஆங். அவ்வளவுதான்.

நான் பார்த்துக்கிட்டுதான் இருந்தேன் அண்ணா. ரெண்டு சேலம் பஸ் போயிடுச்சு. ரெண்டுக்கும் எழுந்தீங்க, தூக்குப்போசியை எடுத்தீங்க, அப்புறம் எதையோ மறந்த மாதிரி உட்கார்ந்துட்டீங்க. உள்ளங்கையை வேட்டியில துடைச்சுக்கிட்டே இருக்கீங்க. மூச்சு கழுத்துக்குக் கீழே இறங்கவே மாட்டேங்குது. இந்தத் தருமபுரி பஸ் ஸ்டாண்டுல அதைப் பார்த்ததும் கண்டுபிடிக்கற ஆள் நான் ஒருத்தன்தான்னு நினைக்கறேன்.

வீட்டம்மாவா? சேலத்துல சேர்த்திருக்காங்களா? டாக்டருங்க இன்னைக்குத்தான் என்ன ஏதுன்னு சொல்றேன்னாங்களா. சரி. சரிங்கண்ணா. போசியில கஞ்சியா? ஆறறதுக்குள்ள போயிடலாம். சேலத்துக்கு பஸ்ஸா இல்லை, வந்துக்கிட்டே இருக்கும். நானும் அந்தப் பக்கம்தான். தொப்பூர் கணவாய் இறங்கினதும் ரோட்டு மேலேயே ஒரு கோயில், அங்கே இறங்கணும். அவசரம் இல்லை. இன்னும் கொஞ்சம் நேரம் இருக்கு.

என்ன சொன்னேன்? காவல்காரன். அவன் எங்க இருக்கான் தெரியுமா? காதுக்கு நேரா உள்ளே போனா மூளையில ரெண்டு பக்கமும் பாதாம்பருப்பு அளவுக்கு ஒரு துண்டு இருக்காம். அவன்தான். என்னைக்கோ ஒருநாள் நிஜ ஆனையைப் பார்த்துட்டான். அதுல இருந்து மாடு வந்தாலும் தட்டுவான், காத்து அடிச்சாலும் தட்டுவான், மேகம் நகர்ந்து நிழல் ஓடினாலும் தட்டுவான். தட்டினதும் ஊரே எழுந்துக்கும். நெஞ்சு எழுந்து ஓடும். கை கால் எழுந்து ஓடும். வயிறு, "இப்ப எதுக்குச் சமையல்"னு அடுப்பை அணைச்சுட்டு ஓடும். நெத்திக்குப் பின்னாடி ஒரு பெரிய மனுஷர் இருக்கார், யோசிக்கறவர். அவர் துண்டை உதறித் தோள்ல போட்டு, செருப்பைத் தேடி, "யார்றா அங்கே, என்னடா சத்தம்"னு வர்றதுக்குள்ள ஊர் காலி. ஆனையும் இல்லை, ஆளும் இல்லை. பெரிய மனுஷர் மட்டும் நடுத்தெருவுல நிப்பார்.

சிரிச்சுட்டீங்க! பாருங்க, சிரிச்சா மூச்சு இறங்குது. இப்ப வெளிய விடற மூச்சை மட்டும் நீட்டி விடுங்க. உள்ளே இழுக்கறதைப் பத்திக் கவலைப்படாதீங்க, அது தானா வரும். சூடான டீயை ஊதற மாதிரி. ஆங். அப்படித்தான். அது பரணுக்குக் கீழே இருந்து கயித்தை ஆட்டற மாதிரி. அவனுக்குப் பேச்சுக் கேட்காது, ஆனா கயிறு ஆடினா தெரியும்.

எனக்கு எப்படி வந்துச்சுன்னா, அப்ப நான் சேலத்துல துணிக்கடையில வேலை. தினம் போய் தினம் வருவேன். ஒருநாள் திரும்பி வர்றப்ப தொப்பூர்ல பஸ் நின்னுடுச்சு. முன்னாடி ஒரு தக்காளி லாரி சாஞ்சு கிடக்கு. யாருக்கும் ஒண்ணும் ஆகலை அண்ணா, அதையும் சொல்லிடறேன். லாரி டிரைவர் ஓரமா உட்கார்ந்து தண்ணி குடிச்சுக்கிட்டிருந்தார். சனங்க இறங்கி முந்தானையிலயும் துண்டுலயும் தக்காளி பொறுக்குனாங்க. நான் ஜன்னல் சீட்டு. ஜன்னல் திறக்க வரலை. வெயில்ல நசுங்கின தக்காளி வாசம் உள்ளே வந்துச்சு. அவ்வளவுதான். வேற ஒண்ணுமே நடக்கலை. ஆனா நெஞ்சுக்குள்ள யாரோ தகரத்தை எடுத்துட்டாங்க. கண்ணு ஓரமா இருட்டுது. விரலெல்லாம் மரத்துப் போச்சு. செத்துட்டேன்னு நினைச்சேன். நினைச்சேன்னு சொல்றது தப்பு, தெரிஞ்சுது. "இறக்கி விடுங்க, இறக்கி விடுங்க"ன்னு கத்தி, ஆளுங்களை மிதிச்சுக்கிட்டு இறங்கி, தக்காளி மேலேயே உட்கார்ந்துட்டேன். பொறுக்கிக்கிட்டிருந்த ஒரு அம்மா, "தம்பி, கொஞ்சம் நகரு, உனக்கு அடியில நல்ல பழமா இருக்கு"ன்னுச்சு.

ம்... சொல்லுங்க. ஆங்.

அப்புறம் என்ன, எல்லாரும் செய்யறதைச் செஞ்சாங்க. எங்கம்மா, கணவாயில செத்த எவனோ பிடிச்சுக்கிட்டான்னு முனியப்பனுக்குக் கிடா வெட்டினாங்க. கையில கயிறு கட்டினாங்க. நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்தாங்க. "குதிரை மாதிரி இருக்கு, போப்பா"ன்னு அனுப்பிட்டாங்க. நல்லா இருக்குன்னு சொன்னா பயம் போகணும்ல? கூடிடுச்சு. அப்ப இவ்வளவு நேரம் தட்டினது யாரு?

கடைசியா பெரியாஸ்பத்திரியில ஒரு டாக்டரம்மா. என் வயசுதான் இருக்கும். அவங்கதான் இந்தப் பாதாம்பருப்பைச் சொன்னாங்க. நான்தான், "மேடம், எங்க தாத்தா கதையில இவன் வர்றான்"னு சொன்னேன். அதுக்கப்புறம் அவங்களே, "என்ன முனிராஜ், இந்த வாரம் காவல்காரர் எப்படி இருக்கார்?"னுதான் கேட்பாங்க. "அவன் கெட்டவன் இல்லை. நீங்க ஓடினா அவன் என்ன நினைப்பான்? நான் தட்டினேன், இவன் ஓடினான், அதனால பிழைச்சான். அடுத்த தடவை இன்னும் பலமாத் தட்டுவான். அவனுக்குச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. நீங்க எழுந்து ஓடாம அங்கேயே உட்கார்ந்திருக்கறதை அவன் கண்ணால பார்க்கணும்"னாங்க.

எவ்வளவு அழகாச் சொல்றாங்க பாருங்க! அப்படியே மனப்பாடம் பண்ணிட்டேன். இங்கே உட்கார்ந்து எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கேன். காலேஜ் பசங்க, கல்யாணம் ஆகிப் போற பொண்ணு, ஒரு போலீஸ்காரர் கூட. எல்லாரும் கேட்டுட்டு நல்லபடியா ஏறிப் போயிட்டாங்க.

டாக்டரம்மாவுக்கு மாத்தலாயிடுச்சு. இப்ப எனக்கு நானே பார்த்துக்கறேன். அவங்க படிப்படியாச் செய்யச் சொன்னாங்க. முதல்ல பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சும்மா உட்காரு. அப்புறம் நிக்கற பஸ்ல ஏறி உட்கார்ந்துட்டு இறங்கு. அப்புறம் ஒரு ஸ்டாப் போ. அப்புறம் கணவாய். முதல் படியில என்னை யாரும் அசைச்சுக்க முடியாது அண்ணா. கடை முடிஞ்சா இங்கேதான். டீக்கடைக்காரர் சீட்டுப் போட்டு வச்சிருப்பார்.

கடையா? துணிக்கடையை விட்டுட்டேன். இதோ, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி ஒரு செல்போன் கடை. வீட்ல இருந்து நடந்தே வந்துடலாம், உடம்புக்கும் நல்லது. சினிமா கொட்டகைக்குப் போறதில்லை, கண்ணுக்கு நல்லது. கழுத்தைச் சுத்தித் துணியைக் கட்டிட்டு நாற்காலியில உட்கார வச்சா ஒரு மாதிரி வருது, அதனால முடியை நானே வெட்டிக்கறேன். பின்னாடி கொஞ்சம் கோணல். காப்பி இல்லை. தக்காளி இல்லை, அம்மா எனக்கு மட்டும் தனியா புளி ரசம் வைப்பாங்க. கல்யாணக் கூட்டத்துக்குப் போறதில்லை, மொய்யைக் கொடுத்து விட்டுடுவேன். வாழ்க்கையே எவ்வளவு லேசாயிடுச்சு தெரியுமா? முன்னெல்லாம் எங்கெங்கேயோ அலைஞ்சுக்கிட்டிருந்தேன்.

பையா? இதுவா? சும்மா. தண்ணி, எலுமிச்சம்பழம், ஒரு மாத்திரை அட்டை, போன் சார்ஜர், கொஞ்சம் கற்பூரம். மாத்திரையைப் போட்டதே இல்லை, இருக்கட்டும்னு. டாக்டரம்மா, "ஒவ்வொண்ணா வீட்ல வச்சுட்டு வாங்க, பையில்லாமலும் நீங்க உயிரோட இருக்கறதை அவர் பார்க்கட்டும்"னாங்க. வைக்கணும். வச்சிடுவேன்.

இருங்க, போன்.

"சொல்லுக்கா... ஆங், ஏறிட்டேன், ஏறிட்டேன். சீட்டு கிடைச்சுது. இப்பதான் தொப்பூர் பக்கம்... ஆமா, கூட்டம்தான். சின்னக்குட்டி என்ன பண்றா? அழறாளா? மாமன் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லு. மஞ்சப் புடவையா கட்டியிருக்க? சரி சரி. நீ பதறாத. வச்சிடு."

எங்க அக்கா. வெண்ணிலா. ஏன் அண்ணா அப்படிப் பார்க்கறீங்க? பதறுவாளேன்னு சொன்னேன். அவளுக்குக் கொஞ்சம் பயந்த சுபாவம்.

இன்னைக்கு அவ பொண்ணுக்குக் காதுகுத்து. இனியான்னு பேரு. தாய்மாமன் மடியில உட்கார வச்சுத்தான் குத்தணும். நான் ஒருத்தன்தான் கூடப் பிறந்தவன். இதோ பாருங்க, தோடு. சிவப்புக்கல். நானே போய்ப் பார்த்து எடுத்தேன், இங்கேயே கடைத்தெருவுல. தாய்மாமன் தோடுதான் முதல்ல ஏறணும். சின்னதா இருக்குல்ல? காது அவ்வளவுதான் இருக்கும்.

ஒரு வயசுலேயே குத்தியிருக்கணும். அன்னைக்கும் இங்கே வந்தேன். அன்னைக்கு ஏதோ வெயில். மொட்டை மட்டும் அடிச்சாங்க. சித்தப்பா பையன் கோபிநாத் மடியில உட்கார வச்சு. காது வேணாம்னு அக்கா சொல்லிட்டாளாம். ஆசாரி ஊசியோட நிக்கறார், "என் தம்பி வந்து மடி கொடுத்தாத்தான் காது"ன்னு புள்ளையைத் தூக்கிக்கிட்டு மண்டபத்தை விட்டே இறங்கிட்டாளாம். ரெட்டைப்படை வயசுல குத்தக் கூடாது. அதனால மூணு. போற இடத்துல எல்லாம், "என்னம்மா, புள்ள காது மொட்டையா இருக்கு, தாய்மாமன் இல்லையா?"ன்னு கேட்கறாங்களாம். "இருக்கான், வருவான்"னு சொல்லிக்கிட்டிருக்கா.

இந்தத் தடவை மாமா, அதாவது அவ வீட்டுக்காரர், கண்டிப்பாச் சொல்லிட்டாராம், உச்சிக்கு மேல ஒரு நிமிஷம் காத்திருக்க மாட்டேன்னு. கோபிநாத்தை வேற ஒரு ஜோடித் தோடு வாங்கி வச்சுக்கச் சொல்லியிருக்கார், ஒரு பாதுகாப்புக்கு. பாருங்களேன் அண்ணா, ஒரு மனுஷனுக்கு எவ்வளவு பயம்! எதுக்கெடுத்தாலும் முன்னேற்பாடு. இவருக்குத்தான் அந்த டாக்டரம்மாவைக் காட்டணும்.

அக்கா அப்படி இல்லை. நான் என்ன சொன்னாலும் ம் கொட்டுவா. சின்ன வயசுல தாத்தா கதை சொல்றப்ப எனக்கும் சேர்த்து அவதான் கொட்டுவா, நான் தூங்கிடுவேன்ல. இப்பவும் போன்ல நான் சொல்லச் சொல்ல, ம், ம், ம்னு...

இதோ, மறுபடியும்.

"என்னக்கா?... இல்லை, கணவாய் இறங்கிட்டேன். அதோ, கோயில் கோபுரம் கூடத் தெரியற மாதிரி இருக்கு. பின்னாடியா? என்ன சத்தம்? எந்தக் கிருஷ்ணகிரி?... அக்கா? ஹலோ? அக்கா, கேட்குதா?"

கட்டாயிடுச்சு. அந்தக் கண்டக்டர் வேற, "கிருஷ்ணகிரி, கிருஷ்ணகிரி"ன்னு இவ்வளவு பக்கத்துல வந்தா கத்தணும். மலைப்பக்கம் சிக்னல் சரியா இருக்காது, அதான் கட்டாயிடுச்சு. அங்கே, கோயில்கிட்ட. அங்கேயும் மலைதானே.

ம் கொட்டலை பாருங்க. முதல் தடவையா ம் கொட்டாம வச்சுட்டா. ம் கொட்டாம வச்சா எனக்கு ஒரு மாதிரி இருக்கும். யாரோ முதுகுக்குப் பின்னாடி வந்து உட்கார்ந்த மாதிரி. நீங்க சொல்லுங்களேன். ஆங்... தேங்க்ஸ் அண்ணா.

அதோ சேலம் பஸ். காலியாத்தான் வருது. நீங்க எழுந்திருங்க. தட்டுறானா? தட்டட்டும். அலை மாதிரி ஏறும், ஏறிக்கிட்டேதான் இருக்கும்னு தோணும், ஆனா இறங்கியே ஆகணும். அவனுக்கும் கை வலிக்கும்ல? காலை அழுத்தித் தரையில வைங்க. கண்ணுல படறதைப் பேர் சொல்லுங்க. குடை. கொய்யா வண்டி. நாய். உங்க போசி. சூடு தெரியுதா கையில? அதுதான். அதைப் பிடிச்சுக்குங்க. வீட்டம்மா பசியோட இருப்பாங்க.

என்ன? கதை முடிவா? ஆமா, சொல்லலையே. நடந்துக்கிட்டே சொல்றேன், வாங்க. ஒருநாள் காவல்காரன் தட்டறான். ஊர் சனம் எழுந்திருக்கறாங்க. ஆனா ஓடலை. எல்லாரும் கொல்லைக்கு நடுவுல வந்து, பரணுக்குக் கீழே, சும்மா சம்மணம் போட்டு உட்கார்ந்துட்டாங்க. அவன் தட்டறான், தட்டறான். யாரும் அசையலை. குச்சி உடைஞ்சு போச்சு. கீழே எட்டிப் பார்த்தான். இத்தனை பேர் உட்கார்ந்திருக்காங்களேன்னு அவனுக்கே ஒரு யோசனை. மெல்ல இறங்கி வந்தான். அவங்களோட உட்கார்ந்து களி சாப்பிட்டான். அவ்வளவுதான் கதை. சாப்பிட்ட இடத்துல தகரத்தைக் கவுத்துப் போட்டு அது மேலேயே தூங்கிட்டானாம்.

ம்னு சொன்னீங்கல்ல? மனசாரச் சொன்னீங்க. எனக்குத் தெரியுது.

நானா? வர்றேன் அண்ணா. ஏன் வராம? கையைக் கொடுங்க. ஆங், உங்க கை நடுக்கம் நின்னுடுச்சு! இது யார் கை நடுங்குது, என்னோடதா? சரி. இதோ படி. ஒரு கால். ரெண்டாவது படியை நான் இதுவரைக்கும் செஞ்சதில்லை, இன்னைக்கே செஞ்சிடலாம். ரெண்டு கால். ஏறிட்டேன் பாருங்க! அக்காகிட்ட இனிமே பொய் இல்லை, ஏறிட்டேன்னு சொன்னது நிஜமாயிடுச்சு. எந்த சீட்டு? ஜன்னல் வேணாம், நீங்க ஜன்னல்ல...

அது என்ன கூடை?

ஒண்ணுமில்லை. ஒண்ணுமில்லை அண்ணா. அந்தம்மா பாலக்கோட்டுல இருந்து ஏத்திட்டு வருது போல. நல்ல பழம். ஒண்ணு ரெண்டு நசுங்கியிருக்கு. ஒண்ணுமில்லை. வெயில் அதிகமா இருக்குல்ல? உங்களுக்கு இல்லையா? நான் கொஞ்சம் கீழே நின்னு காத்து வாங்கிட்டு... இல்லை, பயமெல்லாம் இல்லை. கண்டக்டர், ஒரு நிமிஷம். "ஏறினா ஏறு, இறங்கினா இறங்குப்பா, படியில பூசை பண்ணாத"ங்கறார். நியாயம்தானே. அவர் வண்டியை எடுக்கணும்.

கையை விடாதீங்க. இருங்க, போன் அடிக்குது.

"அக்கா? ஏறிட்டேன்க்கா, சத்தியமா ஏறினேன்... அக்கா? பேசேன்."

பேசலை. போனைத் திறந்து வச்சுட்டு யாரும் பேசலை. மேளம் கேட்குது. பலமா அடிக்கறாங்க. புள்ள சத்தம் கேட்குது, அழறா. வீல்னு ஒரே அழுகை, இந்தாங்க, கேளுங்க. பசிக்கு அழறா. காலையில இருந்து சாப்பிட்டிருக்க மாட்டா. காதுகுத்தற அழுகை இல்லை அண்ணா, அது எப்படி இருக்க முடியும்? தோடு என்கிட்டல்ல இருக்கு. இதோ, பாக்கெட்டுல. தோடு இல்லாம எப்படிக் குத்துவாங்க?

நீங்க போங்க. உட்காருங்க, சீட்டு போயிடும். அடுத்ததுல வந்துடறேன், பின்னாலேயே. கூடை இல்லாத பஸ்ஸாப் பார்த்து. கோயில் வந்தா ஜன்னல் வழியாப் பாருங்க, மஞ்சப் புடவை கட்டிக்கிட்டு ரோட்டையே பார்த்துக்கிட்டு ஒருத்தி நிப்பா. இல்லை, நிக்க மாட்டா. இருந்தாலும் பாருங்க.

மூச்சை நீட்டி விடுங்கண்ணா. டீ ஊதற மாதிரி. மறந்துடாதீங்க.

அண்ணா! கேட்குதா? கதை முடிஞ்சிடுச்சு, ஆனா இங்கே யாரும் இல்லை. ஒரே ஒரு ம் சொல்லிட்டுப் போங்க. நீங்க சொல்லலேன்னா வேற...